ஈஸ்டருக்குப் பிறகு வந்த டப்பாக்கள்

லோரெத் கிரியோன் கோபக்காரி என்று ஷோடியேர் ஆற்றங்கரை ஊர்களில் பெயர். சும்மா வந்த பெயரில்லை. கோழி வாங்க வந்த வியாபாரியைத் தராசோடு வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கிறாள். பிரசங்கம் நீண்டுகொண்டே போன ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, "சாமி, அங்க அடுப்புல நெருப்பு எரியுது" என்று சொல்லிவிட்டுக் கோயிலை விட்டே போயிருக்கிறாள். ஆனால் நாற்பத்தேழு வயதுவரை அவள் பட்ட கோபமெல்லாம் வெறும் சிணுங்கல் என்று ஆக்கிவிட்டது 1968-ம் வருஷத்து வசந்தம்.

அவள் அப்பா ஓவித் கிரியோனுக்கு மலைச்சரிவில் ஆயிரத்து இருநூறு மேப்பிள் மரங்கள் இருந்தன. நடுவில் தகரக் கூரை போட்ட பாகுக் கொட்டகை. லோரெத்துக்குப் பத்தொன்பது நடந்துகொண்டிருந்த வருஷம், கொதிக்கிற பாகு ஓவித்தின் வலது கையில் கொட்டி விரல்கள் சுருண்டுபோயின. மார்ச் மாதக் கடைசி. ராத்திரி உறைந்து பகலில் இளகும் நாட்கள். மரத்துக்கு மரம் துளை போட்டு மாட்டிய வாளிகளில் இனிப்பு மரநீர் நிறைந்து வழிகிறது. அம்மா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தம்பி அதெலாருக்குக் குதிரைகளை விட்டால் வேறு எதிலும் புத்தி போகாது. அகப்பையை எடுத்தவள் லோரெத். எடுத்தவள் இருபத்தெட்டு வருஷம் கீழே வைக்கவில்லை.

பாகு காய்ச்சுவது பொறுமையான வேலை என்று தெரியாதவர்கள் சொல்வார்கள். அது பொறுமையான வேலை இல்லை, உஷார் வேலை. நாற்பது வாளி மரநீர் வற்றினால் ஒரு வாளி பாகு. அதுவரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விறகு தள்ளவேண்டும். நுரை பொங்கி எழுந்தால் ஒரு சொட்டுக் கிரீம் விட்டு அடக்கவேண்டும். அடுப்பின் மேல் வரிசையாக இருக்கும் அகலத் தட்டுகளில் கடைசித் தட்டில் பதம் வரும்போது கண்ணை எடுக்கக்கூடாது. ஒரு தும்மல் நேரம் தவறினால் பாகு தீய்ந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அகப்பையில் மொண்டு சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழக்கூடாது, விளிம்பில் ஒன்றுகூடி ஏடு மாதிரி இறங்கவேண்டும். அந்தப் பதத்தை லோரெத் பார்க்கக்கூட வேண்டியதில்லை. கொதி அடங்கிக் கனக்கிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆவி மண்டிய கொட்டகையில் வெளியாள் யாராவது பேச்சுக் கொடுத்தால், "வாயை மூடு, பாகு பேசுது" என்பாள்.

ஓவித் போய்ச் சேர்ந்தபோது உயிலை வாசித்தார்கள். நிலம், மரங்கள், கொட்டகை, மாடுகள், வீடு எல்லாம் மகன் அதெலாருக்கு. மகள் லோரெத்துக்கு, அவள் கல்யாணமாகாமல் இருக்கும்வரை, வீட்டின் மாடியில் வெயில் எட்டாத, வடக்குப் பார்த்த அறை. அவ்வளவுதான். பாகு டப்பாவில் ஓவித் அச்சடித்து வைத்திருந்தது 'ஓவித் கிரியோனும் மகனும்'. அவர் செத்த பிறகும் அதை மாற்றவில்லை. மகன் அகப்பையைத் தொட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். லோரெத்துக்கும் கல்யாணம் ஆகவில்லை. மரம் அறுக்கும் மில்லின் கணக்குப்பிள்ளை ஒருவன் ஒரு பிப்ரவரியில் வந்து கேட்டான். "மரநீர் நிக்கட்டும், மே மாசம் வா" என்றாள். அவன் ஏப்ரலிலேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தக் கோபம் அவளுக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அந்த வாரம் மரநீர் அப்படி ஓடியது.

1968-ல் வசந்தம் கெட்டுப்போய் வந்தது. ஏப்ரல் முதல் வாரமே வெயில் ஏறிவிட்டது. ராத்திரி உறையவில்லை. குட்டையில் தவளைகள் கத்தத் தொடங்கின, கிளைகளில் மொட்டு வீங்கியது. மொட்டு வீங்கினால் மரநீரின் ருசி திரிந்துவிடும். கடைசித் தொட்டியில் காய்ச்சியதை லோரெத் நக்கிப் பார்த்தாள். அடித்தொண்டையில் பச்சை இலைக் கசப்பு. அவ்வளவையும் தூக்கிச் சேற்றில் கொட்டிவிட்டு, வாளிகளைக் கழற்றச் சொன்னாள். அந்த வருஷப் பாகு வழக்கத்தில் பாதிகூட இல்லை.

"கொட்டிட்டியா?" என்றான் அதெலார்.

"பின்ன? குடிக்கப்போறியா?"

"கேக்குக்காரங்களுக்குக் குடுத்திருக்கலாம். அவங்க எங்க கண்டாங்க."

"நான் கண்டேன்ல" என்று சொல்லிவிட்டு அவள் தட்டு கழுவப் போய்விட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் தெட்ஃபோர்ட்டில் சித்தி மகள் இறந்துபோனாள். லோரெத் பஸ் ஏறிப் போய், அடக்கம் முடித்து நான்காம் நாள் திரும்பினாள். கொட்டகைக்குப் போனபோது, கடைசித் தட்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். தான்தான் சரியாகக் கழுவாமல் போய்விட்டோமோ, வயதாகிவிட்டதோ என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து சாம்பலும் வினிகரும் போட்டுத் தேய்த்தாள். விரல் நகமெல்லாம் தேய்ந்துபோயிற்று. அதெலார் அந்தப் பக்கமாகப் போனான், பார்த்தான், அப்படியே நடந்துவிட்டான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் வாங்க ஏவா ரான்கூரின் பேக்கரிக்குப் போனாள். ஏவா ஐம்பத்தைந்து வயது விதவை, ஊருக்கே ரொட்டி சுடுகிறவள், பருத்த உடம்பு, நறுக்கென்ற வாய். கடையில் பத்துப் பேர் நின்றார்கள். லோரெத்தைப் பார்த்ததும் ஏவா மேஜைக்கு அடியிலிருந்து ஆறு டப்பாக்களை எடுத்து டக் டக்கென்று வரிசையாக வைத்தாள்.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்த. இதையெல்லாம் எடுத்துட்டுப் போ. எங்க கேக்கெல்லாம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. டப்பாவோட அடியில கற்கண்டு கட்டியிருக்கு."

"எங்க பாகு கற்கண்டு கட்டாது."

"கட்டியிருக்கே. இருபத்தெட்டு வருஷம் காய்ச்சினா கை தளரத்தான் செய்யும் லோரெத். அதுல வெக்கப்பட என்ன இருக்கு? வேற ஆளைப் பழக்கி விடவேண்டியதுதானே."

பத்துப் பேரும் காலடியைப் பார்த்தார்கள். லோரெத் ஒரு டப்பாவைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தாள். இனிப்பு இருந்தது. வேறு எதுவும் இல்லை. புகை இல்லை, பட்டை வாசம் இல்லை, விழுங்கின பிறகு நாக்கில் நிற்கிற அந்தக் கனம் இல்லை. வெறும் வெள்ளைச் சர்க்கரை, கொஞ்சம் பாகு கலந்து நிறம் காட்டியது.

"இது எப்ப வந்தது?"

"ஈஸ்டர் முடிஞ்ச வாரம். உன் தம்பிதான் லாரியில கொண்டாந்து இறக்கினான்."

டப்பாவில் அவள் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை. நல்ல பாகு என்று பரிசு வாங்கியபோதெல்லாம் மேடையேறிப் பதக்கம் வாங்கியவன் அதெலார். இப்போது கெட்டுப்போனதும் ஊருக்குச் சட்டென்று அவள் கை ஞாபகம் வந்துவிட்டது. பேர் அவனுக்கு, பழி எனக்கா?

ஈஸ்ட் வாங்காமலே, ஒரு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். மூன்று மைல். வீட்டுக்குப் போகவில்லை, நேராக டிராக்டர் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். பழைய வைக்கோலைக் காலால் தள்ளினாள். மடித்து அடுக்கிய காலிச் சாக்குகள். உதறியபோது வெள்ளைத் தூள் பறந்தது. தட்டில் இருந்த கருகலும் அந்த நொடியில் விளங்கியது. இரண்டு நாள் சாம்பல் போட்டுத் தேய்த்தது அவன் தீய்த்ததை.

சாக்கைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். அதெலாரும் அவன் மனைவி மார்த்தும் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாக்கைச் சூப் தட்டின் மேலேயே போட்டாள்.

"டேய், என்னடா இது?"

அதெலார் அந்த ஊர் வசவு வழக்கப்படி கோயில் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே சட்டையில் தெறித்த சூப்பைத் துடைத்தான். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"என் தட்டுல சர்க்கரை காய்ச்சியிருக்க. நான் சாவு வீட்டுல அழுதுகிட்டு இருந்தப்போ."

"உன் தட்டா? எது உன் தட்டு? எழுதி வச்சிருக்கா?"

"அண்ணி, உக்காருங்க, ஆற அமரப் பேசலாம்" என்றாள் மார்த்.

"நீ சும்மா இரு மார்த். உனக்கும் தெரியும்ல? சாக்கு மடிச்ச மடிப்பைப் பாத்தாலே தெரியுது. அவனுக்கு அவன் சட்டையையே மடிக்கத் தெரியாது."

மார்த் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதெலார் குரலைத் தணித்தான். "அக்கா, கேளு. வாங்கறேன்னு சொன்னவங்களுக்கு இல்லைன்னா அடுத்த வருஷம் வேற பக்கம் போயிடுவாங்க. கொஞ்சம் கலந்தேன். எல்லாரும் பண்றதுதான். நீ கொட்டின தொட்டியைக் கொட்டாம இருந்திருந்தா எனக்கு இந்த வேலையே இல்ல."

"ஓ, தப்பு என்னோடதா?"

"பின்ன? வீடு குடுத்து, சோறு போட்டு வச்சிருக்கேன். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், வாயை மூடிட்டு இருக்க முடியாதா உன்னால?"

லோரெத் வாயை மூடிக்கொண்டாள். அவன் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து சாக்கைத் தள்ளிவிட்டு மறுபடி சூப்பை எடுத்தான். உண்மையில் அவள் அவனிடம் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று முடிவுகட்டியிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் அந்த ஊரில் யாரும் உடனே கலைவதில்லை. கோயில் படியில் நின்று அறிவிப்புகளைக் கூவுவார்கள்: காணாமல்போன கன்று, விற்பனைக்கு உருளைக்கிழங்கு, செத்தவர்களின் ஆத்மாவுக்குப் பூசை வைக்கப் பணம் சேர்க்க ஏலம் விடும் வாத்து. கூவுகிறவர் முடித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டபோது லோரெத் படியேறினாள். கையில் ஏவாவின் டப்பா ஒன்று. அவளுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. கொட்டகையில் கொதிக்கும் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் மட்டும் இருந்தது.

"எல்லாரும் கேளுங்க. இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தி வந்த டப்பா நான் காய்ச்சினது. அதுல குறை இருந்தா என் மூஞ்சியில ஊத்துங்க. ஈஸ்டருக்குப் பிறகு வந்தது நான் காய்ச்சினது இல்ல. அது சர்க்கரைத் தண்ணி. என் தம்பி கலந்தது. எங்க வீட்டுல கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்க."

கூட்டம் அப்படியே நின்றது. அதெலார் சிரிக்கப் பார்த்தான். "அக்காவுக்கு வயசுக் கோளாறுங்க. டாக்டர்கிட்ட காட்டணும்."

"காட்டலாம். அதுக்கு முந்தி இதை ஒரு வாய் குடிச்சுக் காட்டு. பாகுன்னு சொல்லு. மாதா மேல சத்தியமா, நம்ம மரத்துப் பாகுன்னு சொல்லு."

டப்பாவை அவன் மார்புக்கு நேரே நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. நீட்டாத அந்தக் கையை ஊரே பார்த்தது.

பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கிவந்தார். "லோரெத், போதும்மா. வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ள வச்சுப் பேசலாம்."

"வீடு அவனோடது சாமி. பேசறதுக்கு எனக்கு இந்தப் படிதான் இருக்கு."

லோரெத் டப்பாவைக் கவிழ்த்தாள். பாகு கல்படியில் வழிந்தது. கடைசியாகக் கற்கண்டுக் கட்டி ஒன்று பொத்தென்று விழுந்து சாமியாரின் காலணிப் பக்கம் உருண்டது.

அன்று சாயங்காலம் அவளுடைய டிரங்குப் பெட்டி சாலையோரம் கிடந்தது. மேலே அவள் குளிர்காலக் கோட்டு, அழகாக மடித்து. மார்த்தின் கை. அந்த மடிப்பைப் பார்த்ததும்தான் லோரெத்துக்கு இந்த விவகாரத்தில் முதன்முறையாக அழுகை வந்தது. வந்த அழுகையின் மேலும் கோபம் வந்தது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது ரொட்டி வேன் வந்து நின்றது. ஏவா இறங்கினாள்.

"என் புருஷன் விட்டுட்டுப் போன காடு ஒண்ணு இருக்கு. முன்னூறு மேப்பிள். அவன் போனதுலேர்ந்து ஒருத்தரும் துளை போடல. கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்கு. ஏறு."

"கை தளர்ந்துபோச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன். தப்பா சொன்னேன்."

"பத்துப் பேர் முன்னால சொன்ன."

"அதுக்கு இப்ப என்ன, நடுரோட்டுல மண்டி போடணுமா?"

"போடு."

ஏவா சாலையை இரண்டு பக்கமும் பார்த்தாள். வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு முனகியபடி ஒரு முட்டியைச் சரளையில் ஊன்றினாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. லோரெத் தன் கோபத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டு அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கவேண்டியதாயிற்று.

அந்தக் கோடையும் இலையுதிர்காலமும் இரண்டு பெண்களும் சேர்ந்து கொட்டகை கட்டினார்கள். ஏவாவின் புருஷன் வைத்திருந்த துருப்பிடித்த தட்டைத் தகரவேலைக்காரனிடம் கொடுத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். விறகு வெட்டினார்கள். லோரெத் கோடாரியை ஓங்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பெயரை முணுமுணுப்பாள். "யாரைப் பிளக்கற?" என்று ஏவா கேட்பாள். "இன்னிக்கு அப்பாவை" என்பாள் ஒரு நாள். செத்த மனுஷனை அப்படிச் சொல்லலாமா என்று ஏவா சிலுவை போட்டுக்கொண்டாள். லோரெத் அடுத்த கட்டையை நிறுத்தி வைத்தாள். வடக்குப் பார்த்த அந்த அறையில் பதினாறு குளிர்காலம் படுத்தவள் அவள், ஏவா இல்லை.

அடுத்த மார்ச்சில் மரநீர் நன்றாக ஓடியது. புது அடுப்பு, பழகாத தட்டு. முதல் இரண்டு தொட்டிகள் சரியாக வரவில்லை, மூன்றாவது வந்தது. வெளிறிய தங்க நிறம். ஏவா ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி மொண்டாள். அந்த வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி யாரும் எதிர்பார்க்க முடியாது.

ஏப்ரல் பாதியில், நடுப்பகலில், கொட்டகைக் கதவில் ஒரு நிழல் விழுந்தது. அதெலார். ஒரு வருஷத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தான். வேலைக்கு வைத்த ஆள் இரண்டு தட்டைத் தீய்த்துவிட்டுப் போய்விட்டானாம். பழைய வாடிக்கைக்காரர்கள் டப்பாவைப் பார்த்தாலே திறந்து காட்டச் சொல்கிறார்களாம். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினான்.

"அக்கா, வீட்டுக்கு வந்துடு. மார்த் உன் ரூமைப் பெருக்கி வச்சிருக்கா."

லோரெத் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு. டப்பாவுல உன் பேரையும் போட்டுடறேன். போதுமா?"

அகப்பை நின்றது. "என்ன சொன்ன?"

"உன் பேரையும் போடறேன்னு சொன்னேன்."

"பேரை-யும்!" அவள் திரும்பினாள். ஆவிக்குள்ளிருந்து அவள் முகம் சிவந்து வந்தது. "அப்பா பேரு, மகன் பேரு, அதுக்கு வால்ல என் பேருமா? இருபத்தெட்டு வருஷம் ஒத்தை ஆளா காய்ச்சினேன். எனக்கு ஒரு 'உம்' தர்றியா நீ? அந்த 'உம்'மை நீயே வச்சுக்க. சூப்புல போட்டுக் குடி."

"அக்கா, நான் மன்னிப்புக் கேக்கத்தான்..."

"கேக்கலையே நீ. ரூம் பெருக்கினதைச் சொன்ன. டப்பாவைச் சொன்ன. தட்டைத் தீச்சது நான்தான்னு இன்னும் நீ சொல்லல. ரெண்டு நாள் நான் தேய்க்கிறதைப் பாத்துக்கிட்டு நடந்து போனியே, அதைச் சொல்லு."

அதெலார் வாயைத் திறந்தான். தட்டில் நுரை குபுகுபுவென்று எழும்பியது. பழக்கதோஷத்தில் அவன் குனிந்து ஒரு விறகை எடுத்தான்.

"என் நெருப்பைத் தொடாதே!"

அவள் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்ததாக ஏவா பின்னாளில் சொல்வாள். அவன் விறகைக் கீழே வைத்தான், தொப்பியைப் போட்டுக்கொண்டான், பனிச் சேற்றில் கால் வழுக்க வழுக்க இறங்கிப் போனான். லோரெத் கிரீம் விட்டு நுரையை அடக்கினாள். பதம் தப்பவில்லை.

அவன் அதைக் கடைசிவரை சொல்லவே இல்லை. நான்கு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு மரங்களைக் குத்தகைக்கு விட்டான். அவன் பிள்ளைகள் மாண்ட்ரியலில் வேலைக்குப் போனார்கள். லோரெத் இன்னும் பத்தொன்பது வசந்தம் காய்ச்சினாள். டப்பாவில் 'லோரெத் கிரியோன்' என்று மட்டும் இருக்கும். தன் பெயரையும் சேர்க்கக்கூடாதா, காடு தன்னுடையதுதானே என்று ஏவா ஒருமுறை கேட்டதற்கு ஒரு வாரம் சண்டை நடந்தது. மறுவருஷ டப்பாவில் முதல் வரியில் 'ஏவா ரான்கூரின் காடு' என்றும், அதற்குக் கீழே 'லோரெத் கிரியோனின் கை' என்றும் வந்தது.

அதெலார் ஒரு பிப்ரவரியில் மாரடைப்பில் போனான். மார்த் பேக்கரிக்கு வந்து, அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடவேண்டும், வழக்கம்போல் பீன்ஸில் ஊற்ற இரண்டு டப்பா பாகு வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். லோரெத் நாலு டப்பா எடுத்துக்கொண்டு தானே போனாள். மூன்று மைலும் நடந்தே போனாள். சமையலறையில் நின்று பீன்ஸைக் கிளறினாள், உப்புப் பார்த்தாள், பாகை அளந்து ஊற்றினாள். முன்னறையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள்.

"அண்ணி, ஒருதடவை முகத்தைப் பாத்துட்டுப் போங்க" என்றாள் மார்த்.

"நான் பாத்த முகம் போதும்" என்றாள் லோரெத். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பீன்ஸ் அடி பிடிக்காமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் பீன்ஸ் நன்றாக இருந்தது என்று சொன்னார்களாம். மார்த் மறுவாரம் வந்து சொன்னாள். லோரெத் காலி டப்பாக்களைத் திருப்பி வாங்கி எண்ணாமல் மூலையில் வைத்துவிட்டு, துளை போடும் கருவியைத் தீட்ட உட்கார்ந்தாள். மார்ச் வர இன்னும் பத்து நாள் இருந்தது.